சலங்கை கட்டிய சக்கரங்கள்

அப்பா காலத்திலிருந்து லால்குடியில் எங்களுக்குச் சைக்கிள் கடை. வாடகை சைக்கிள் ஓடிய நாளில் காற்று, பிரேக், பெல் மூன்றையும் பார்க்காமல் அப்பா வண்டியை வெளியே விடமாட்டார். ராத்திரியில் டைனமோ எரியாவிட்டால் போலீஸ்காரர் பிடிப்பார். பெல் இல்லாவிட்டால் யாராவது கிழவி மேல் ஏற்றிவிட்டு வருவான் என்பார் அப்பா. பெல் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே, கட்டைவிரல் தள்ளும் பல்சக்கரம். அது சுழற்றும் தகட்டில் தொளதொளவென்று இரண்டு இரும்பு வில்லைகள். அவை மூடியின் உள்விளிம்பில் மோதுவதுதான் அந்தக் கிணிங். வில்லையில் துரு ஏறினால் சத்தம் செத்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உயிர் வந்துவிடும்.

அதற்கும் முந்தி மாட்டுவண்டி. வாழைத்தாரும் நெல் மூட்டையும் ஏற்றிய வண்டிகள் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்கு ராவோடு ராவாகப் போகும். வண்டிக்காரர் கண்ணயர்ந்துவிடுவார், மாடு வழி தெரிந்து நடக்கும். இருட்டில் எதிரே வருகிறவருக்கு வண்டி எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம், என்ன நடையில் வருகிறது என்பதைக் கழுத்துச் சலங்கை சொல்லிவிடும். ஹாரனை இதோடு சேர்க்க எனக்கு மனம் வராது. ஓட்டுகிறவர் நினைத்தால்தான் ஹாரன் அடிக்கும், அதுவும் ஒதுங்கு என்று விரட்டும். சலங்கை யாரையும் விரட்டியதில்லை. மாடு அசைந்தாலே ஒலித்தது.

மின்சார வண்டி ஏதோ இப்போதுதான் நம் தெருவுக்கு வந்ததாக நினைக்கிறோம். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது, 1953 வரை ஓடியது. எஞ்சின் உறுமல் இல்லாவிட்டாலும் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் கடகடப்பு இருந்தது, ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கும் மணியும் இருந்தது. பெட்ரோல் வண்டிகள் பெருகிய பிறகு எஞ்சினே மணியாகிவிட்டது. பார்வை இல்லாதவர்கள் அந்த இரைச்சலை நம்பித்தான் ரோட்டைக் கடந்தார்கள்.

மின்சாரத்தில் ஓடும் கார்கள் வந்து அந்த இரைச்சல் குறைந்தபோது முன்னின்று போராடியவர்களும் அவர்களே. அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு விடாமல் வலியுறுத்தியதில், சத்தமில்லாத கார்களில் ஒலிக்கருவி வேண்டுமென்ற சட்டம் 2011 ஜனவரியில் கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் அத்தகைய கார்களின் புது மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் அத்தகைய புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கருவி கட்டாயம். மணிக்கு 10 கிலோமீட்டரில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56. அதற்கு மேல் டயரே சத்தம் போட்டுவிடும். ஓட்டுநர் எதையும் அழுத்த வேண்டியதில்லை, வண்டி நகர்ந்தாலே ஒலிக்கும், வேகத்துக்கேற்ப ஒலி மாறும். சலங்கையின் வேலையேதான் இது.

மத்திய அரசு 2025இல் வெளியிட்ட வரைவு விதி, 2026 அக்டோபர் முதல் மின்சாரக் கார், பஸ், லாரிகளின் புது மாடல்களில் இந்தக் கருவி வேண்டும் என்றது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் அந்த வரைவில் இல்லை. எங்கள் கடைவீதியில் ஓசையில்லாமல் உரசிக்கொண்டு போவது ஸ்கூட்டர்தானே! என் மனைவிக்குக் கண்ணில் புரை. காய்கறி வாங்கப் போனால், முழங்கையில் காற்றுப் பட்ட பிறகுதான் வண்டி தாண்டிப் போனதே அவளுக்குத் தெரிகிறது. கடைவீதி நெரிசலில் எந்த ஸ்கூட்டரும் 20 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. டயர் சத்தமும் கேட்காத வேகம் அது. அந்த வேகத்துக்குத்தான் கருவி வேண்டும் என்கிறார்கள்; அப்படியானால் முதலில் கட்ட வேண்டியது ஸ்கூட்டருக்கு.