அகொஸ்தீன்யுவின் இருபத்தைந்து வயது

போர்த்துக்கீசியச் சைக்கிள் வீரர் ஜொவாக்கிம் அகொஸ்தீன்யுவைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. மொசாம்பிக் காலனியப் போரில் படைவீரராக இருந்தபோது, கனத்த சைக்கிளில் 50 கிலோமீட்டர் தொலைவுக்குத் தகவல் கொண்டுபோவது அவர் வேலை. மற்றவர்களுக்கு ஐந்து மணி நேரம் பிடித்த வழியை அவர் இரண்டே மணியில் கடந்தாராம். அந்த ‘ஆம்’ முக்கியம். பிறவிப் பலசாலி, உழவன் மகன், படித்து வராத திறமை என்று பின்னால் கட்டப்பட்ட பிம்பம் முழுவதும் அந்த விகுதியின் மேல்தான் நிற்கிறது.

கணக்குப் போட்டால் மணிக்கு 25 கிலோமீட்டர். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படும் சைக்கிள்களைப் பார்த்திருக்கிறேன். கேரியரில் தூக்குவாளி, பக்கவாட்டில் கட்டிய உப்பு வாரும் பலகை, எதிர்க்காற்றுக்குக் குனிந்த முதுகு. பளுவை இறக்கிவிட்டு நல்ல சாலையைக் கொடுத்தால் 25 கிலோமீட்டரைத் தொடும் இளைஞர்கள் அவர்களிலும் இருப்பார்கள். ஆகவே அகொஸ்தீன்யுவை விளக்க உடல் வலிமை போதாது. 

1943-இல் டோரஸ் வெட்ராஸ் பகுதியில் பிறந்தவர், 1968-இல்தான் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்காகப் பந்தயத்தில் இறங்கினார். வயது 25. மறு ஆண்டே டூர் டி பிரான்ஸ்: இரண்டு கட்டங்களில் வெற்றி, மொத்தத்தில் 8-ஆம் இடம். இதை ‘அதிசயம்’ என்பார்கள். எனக்கு இது இழப்பின் அளவுகோலாகவே படுகிறது. நுரையீரலும் தொடையும் வயலில் வளரும். நூறு பேர் நெருக்கியடித்து ஓடும் கூட்டத்தில் முன்சக்கரத்தைக் காப்பாற்றிக்கொள்வதும், இறக்கத்தில் வளைவை எடுப்பதும் பதினைந்து பதினாறு வயதில் கைவர வேண்டியவை. அகொஸ்தீன்யு அடிக்கடி விழுந்தார். அந்தப் பதினைந்து பதினாறு வயதில் அவர் பந்தயச் சைக்கிளைத் தொட்டதில்லை. அதன் பின் வந்த ஆண்டுகளில் ஒரு பங்கைப் போர் எடுத்துக்கொண்டது.

1974-இன் ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தில் போரின் வரலாறும் அவருடைய பந்தய வரலாறும் ஒரே வாரங்களில் சந்தித்தன. பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏப்ரல் 25 அன்று, காலனியப் போரில் சலித்த இராணுவ அதிகாரிகள் லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். மே மாதம் சான் செபாஸ்தியனில் கடைசித் தனிநேர ஓட்டத்தில் அகொஸ்தீன்யு முதலில் வந்தார். மொத்தக் கணக்கில் ஹோசே மானுவல் ஃபுயன்தேயிடம் 11 வினாடியில் தோற்றார். மூன்று வாரப் பந்தயத்தில் 11 வினாடி என்பது சில வளைவுகளில் பிரேக்கைச் சற்று முந்திப் பிடித்தாலே போய்விடும். எந்த வளைவுகள் என்று காட்ட முடியாது. ஆனால் அவர் வளைவை எடுக்கும் திறனில் பின்தங்கியிருந்தார் என்பது தெரிந்ததே.

பிம்பத்துக்குப் பொருந்தாத பக்கமும் உண்டு. 1977 டூரில் அவர் வென்ற ஒரு கட்டம் ஊக்கமருந்துச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. மண்ணின் மைந்தன் என்ற கதையில் இதற்கு இடம் வைப்பதில்லை. 1978, 1979 டூர் இரண்டிலும் இனோ, சூட்டமெல்க் என்ற இரு வீரர்களுக்கு அடுத்து மூன்றாம் இடம். 1979-இல் ஆல்ப் துயேஸ் மலையேற்றத்தை வென்றபோது வயது 36. ஆனாலும் அந்த ஆண்டு இனோவை விட 26 நிமிடம் 53 வினாடி பின்னால்தான் முடித்தார். முன்பே தொடங்கியிருந்தால் டூரை வென்றிருப்பார் என்று நான் வாதிடவில்லை.

வாதம் வேறு. போர்த்துக்கல்லில் 1927 முதல் நாட்டுச் சுற்றுப்பந்தயம் இருந்தது. கால்பந்துக் கிளப்புகளிலேயே சைக்கிள் பிரிவுகள் இருந்தன. அதனால் 25 வயது உழவர் ஒருவர் தாமதமாகவேனும் கண்ணில் பட்டார். தூத்துக்குடி உப்பளச் சாலையில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, வலுவான கால்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றைத் தொடர்ந்து கண்டெடுக்கும் உள்ளூர்ச் சாலைப் பந்தயம்தான் எனக்குத் தெரிந்து இல்லை. திறமை ஆய்வுகள் உடலை அளப்பதற்கு முன் பந்தய நாட்காட்டியை எண்ண வேண்டும்.

1984 ஏப்ரல் 30 அன்று அல்கார்வ் சுற்றுப்பந்தயத்தில், கட்டத்தின் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் குறுக்கே ஓடிய நாயால் அவர் விழுந்தார். இந்த விபத்தை என் வாதத்துக்குச் சான்றாக்க மாட்டேன். நாய்க்கு முன் எந்தப் பயிற்சியும் உதவாது. தலைக்கவசம் இல்லை. எழுந்து கோட்டைக் கடந்தார். பத்து நாள் கழித்து, 41 வயதில், இறந்தார். விழுந்த அன்று பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டை அவர் மேல்தான் இருந்தது.