தன்னார்வ மேலாண்மை ஆலோசனை

தன்னார்வ மேலாண்மை ஆலோசனை என்பது மேலாண்மைப் பள்ளிகளில் பயின்ற முன்னாள் மாணவர்கள், தம் பகுதியில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு ஊதியம் பெறாமல் வழங்கும் நிர்வாக ஆலோசனைச் சேவையாகும். நிதித் திட்டமிடல், கணக்கு முறை, பணியாளர் அமைப்பு, நன்கொடை திரட்டல், சேவைக்கான கட்டண நிர்ணயம் முதலியன இதில் அடங்கும். அமெரிக்காவில் இது முன்னாள் மாணவர் சங்கங்களின் வழியாக வளர்ந்தது. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இதே நோக்கம் வேறொரு வடிவம் கொண்டது. இங்கு ஆலோசனை கூறச் சென்றவர்களுள் சிலர் களத்திலேயே தங்கித் தாமே நிறுவனங்களை உருவாக்கினர்.

பெயரும் பொருளும்

வழக்கறிஞர்கள் ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வழக்காடுவதை ஆங்கில நாடுகளில் 'புரோ போனோ' என்பர். 'பொது நன்மைக்காக' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம் இது. பிற்காலத்தில் மேலாண்மை, வடிவமைப்பு, மென்பொருள் ஆகிய துறையினரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் இல்லை.

பொதுவான தன்னார்வத் தொண்டிலிருந்து இது வேறுபடுவது கொடுக்கப்படும் பொருளில்தான். ஒரு பட்டயக் கணக்காளர் விடுமுறை நாளில் மரக்கன்று நட்டால் அது சிரமதானம். மரம் நடும் அமைப்பின் வரவு செலவு ஏட்டைச் சீர்செய்து கொடுத்தால் அது இக்கட்டுரை கூறும் வகையைச் சேரும். முன்னதை எவரும் செய்யலாம். பின்னதைச் செய்யும் ஆளை விலைக்கு வாங்கச் சிறிய அமைப்புகளால் இயலாது.

தோற்றம்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் 1987 ஆம் ஆண்டு தொடங்கிய ஆலோசனைக் குழு, இவ்வகை அமைப்புகளுள் நெடுநாளாக இயங்கி வரும் ஒன்றாகும். இக்குழுவினர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு உதவுகின்றனர். ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவும் தத்தம் நகரங்களில் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. 2001 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டேப்ரூட் அறக்கட்டளை, குறிப்பிட்ட ஒரு கல்லூரியைச் சாராமல் பல துறை வல்லுநர்களையும் தொண்டு நிறுவனங்களோடு இணைத்தது.

செயல்முறை

முதலில் தொண்டு நிறுவனம் தன் சிக்கலை எழுதி விண்ணப்பிக்கும். சங்கம் அதனைப் பரிசீலித்து, வெவ்வேறு துறை அனுபவம் கொண்ட சிலரை ஒரு குழுவாக அமைக்கும். குழுவினர் வார நாட்களில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு, மாலையிலும் விடுமுறையிலும் சில மாதங்கள் இதில் ஈடுபடுவர். பணியாளர்களையும் பயனாளிகளையும் சந்திப்பர், கணக்கேடுகளைப் படிப்பர், இறுதியில் பரிந்துரை அறிக்கை ஒன்றை நிர்வாகக் குழுவிடம் அளிப்பர்.

விண்ணப்பத்தில் எழுதப்படும் சிக்கலும் உண்மையான சிக்கலும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கில்லை. மென்பொருள் துறையினருக்கு இது நன்கு பழகிய செய்தி. வாடிக்கையாளர் கேட்பது ஒன்றாகவும் அவருக்குத் தேவைப்படுவது வேறாகவும் இருக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் கேள்வியைத் திருத்துவதிலேயே கழியும்.

ஓர் எடுத்துக்காட்டு: அடி அண்ணாமலை

ஆலோசகர் செய்யும் வேலை எத்தகையது என்பதை விளக்கத் தமிழ்நாட்டுச் சூழலில் ஒரு கற்பனை அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். திருவண்ணாமலைக் கோயில் நகரில் மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இங்குள்ளது. பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகைத் தீபத்தின் போதும் இவ்வழியே பெருந்திரளான மக்கள் நடந்து செல்வர். மற்ற நாட்களில் இது அமைதியான ஊர்.

இவ்வூரில் குழந்தைகளுக்கு மாலை நேரப் பாடசாலை நடத்தும் அறக்கட்டளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆசிரியைகள் மூவர், ஒருவருக்கு மாதம் 8,000 ரூபாய். ஆக மாதச் செலவு 24,000 ரூபாய், ஆண்டுச் செலவு 2,88,000 ரூபாய். நன்கொடை கார்த்திகை மாதத்தில் மட்டும் 1,50,000 ரூபாய் வருகிறது. ஏனைய 11 மாதங்களில் மாதம் 12,000 வீதம் 1,32,000 ரூபாய். ஆண்டு வரவு 2,82,000 ரூபாய். அதாவது ஓர் ஆண்டு முழுமைக்கும் உண்மையான பற்றாக்குறை 6,000 ரூபாய் மட்டுமே.

ஆயினும் அறங்காவலர்கள் பெரும் பணத் தட்டுப்பாடு என்று முறையிடுவர். கார்த்திகையில் கையில் பணம் சேர்ந்தவுடன் கூரை வேய்வதற்கும் மேசை நாற்காலி வாங்குவதற்கும் அது செலவாகியிருக்கும். தை மாதத்தில் ஆசிரியைகளுக்குச் சம்பளம் பாதியாகும். சித்திரைக்குள் ஒருவர் விலகிவிடுவார். கார்த்திகைச் செலவு போக மிஞ்சும் 1,26,000 ரூபாயைத் தனிக் கணக்கில் வைத்து மாதம் 12,000 வீதம் எடுத்தால் பத்தரை மாதம் தாங்கும். மீதியை ஈடுகட்ட, மாதம் 500 ரூபாய் தரும் அன்பர் ஒருவரே போதும். ஆலோசகர் கண்டுபிடிக்க வேண்டியது இவ்வளவே. 'நன்கொடை திரட்ட இணையத்தளம் வேண்டும்' என்று விண்ணப்பம் வந்திருக்கக்கூடும்.

இக்கணக்கைப் போட மேலாண்மைப் பட்டம் தேவையில்லை என்று வாசகர் கருதலாம். அது சரியே. ஆனால் அடுத்த கார்த்திகையில் கூரை ஒழுகும்போது தனிக் கணக்கைத் தொடாமல் காப்பவர் யார் என்ற கேள்விக்கு அறிக்கையில் விடை எழுதுவது கடினம். இத்துறையின் நடைமுறைச் சிக்கல் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் உள்ளது.

இந்தியாவில்

இந்திய மேலாண்மைக் கழகங்கள் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961 இல் தொடங்கப்பட்டன. அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாய், 1972 இல் அப்பதவியைத் தாமே துறந்து பேராசிரியராகத் தொடர்ந்தார். தொழிற்சாலைகளுக்காக உருவான மேலாண்மை அறிவு ஏழைக் கிராமங்களுக்குப் பயன்படுமா என அறிய, 1975 இல் இராசத்தான் மாநிலத்தின் வறண்ட பகுதியான ஜவாஜாவில் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கினார். தேசிய வடிவமைப்புக் கழகமும் இதில் பங்கேற்றது. தோல் தொழிலாளர்களும் நெசவாளர்களும் தம் பொருள்களைத் தாமே வடிவமைத்து, விலை வைத்து, நகரச் சந்தையில் விற்கக் கற்பது இதன் நோக்கம். வெளியிலிருந்து வருவோர் படிப்படியாகத் தேவையற்றவராக வேண்டும் என்பதை மத்தாய் வலியுறுத்தினார்.

1983 இல் தில்லியில் தொடங்கப்பட்ட பிரதான், இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கிய இந்திய அமைப்பாகும். அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியலும் மேலாண்மையும் பயின்ற தீப் ஜோஷியும், அகமதாபாத் கழகத்தில் பயின்ற விஜய் மகாஜனும் இதன் நிறுவனர்கள். 'வளர்ச்சிச் செயற்பாட்டுக்கான தொழில்முறை உதவி' என்பது இதன் ஆங்கிலப் பெயரின் பொருள். நன்கு படித்த இளைஞர்களை ஏற்கெனவே இயங்கிவரும் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பி, அவற்றின் நிர்வாகத்துக்கு உதவுவதே தொடக்க காலத் திட்டம். பூதான நிலங்களில் ஏழை உழவர்களைக் குடியமர்த்திப் பயிர்செய்ய உதவ, தமிழ்நாட்டில் 1960களின் இறுதியில் தோன்றிய அசெபா, இவ்வாறு உதவி பெற்ற அமைப்புகளுள் ஒன்று.

நாளடைவில் பிரதான் இம்முறையிலிருந்து விலகியது. பிறர் நிறுவனத்தில் அமர்ந்து யோசனை கூறுவதைவிட, தாமே குழு அமைத்து மக்களோடு நேரடியாகப் பணிபுரிவது பயன் தரும் என்ற முடிவுக்கு அது வந்தது. ஆலோசனைக்காகவே பிறந்த அமைப்பு ஆலோசனையைக் கைவிட்டது கவனிக்கத்தக்கது. தீப் ஜோஷிக்கு 2009 இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

பிரதான் உருவாக்கிய 'கணினி முன்ஷி' முறை தனியே குறிப்பிடத்தக்கது. சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. தவறு நேர்ந்தால் குழுவே உடையும். எனவே உள்ளூர் இளைஞர் ஒருவர் கணினி வைத்துக்கொண்டு, குழுக்கள் அனுப்பும் வாராந்திரக் கணக்குத் தாள்களைப் பதிவு செய்து, சரிபார்த்துத் திருப்பி அனுப்புவார். அதற்கான கட்டணத்தைக் குழுக்களே செலுத்தும். இங்குத் தீர்வின் உயிர் மென்பொருளில் இல்லை. கணக்கரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது முதலிலேயே முடிவானதில் உள்ளது.

தமிழ்நாட்டில்

பிரதானின் மதுரைப் பணிகளிலிருந்து கிளைத்தது தானம் அறக்கட்டளை. அகமதாபாத் கழகத்தின் முன்னாள் மாணவரான எம். பி. வாசிமலை தலைமையில் 1997 இல் இது தனி அமைப்பாயிற்று. பெண்களின் சேமிப்புக் குழுக்களை இணைக்கும் களஞ்சியம், கண்மாய்களைப் புதுப்பிக்கும் வயலகம் ஆகியவை இதன் அறியப்பட்ட திட்டங்கள். இரண்டும் பிரிவதற்கு முன்னரே வேர்விட்டவை. களஞ்சியத்தில் குழுக்கள் தொகுப்புகளாகவும், தொகுப்புகள் வட்டாரக் கூட்டமைப்புகளாகவும் இணைகின்றன. கூட்டமைப்பு உறுப்பினர்களுக்கே உரியது. பணியாளரும் அதற்கே பொறுப்பானவர். நிர்வாகச் செலவில் ஒரு பகுதியை உறுப்பினர்களே ஏற்பதால், அவர்கள் கேள்வி கேட்கும் உரிமையும் பெறுகின்றனர். 2000 ஆம் ஆண்டு டாட்டா அறக்கட்டளையின் ஆதரவுடன் மதுரையில் டாட்டா-தானம் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. இங்கு வளர்ச்சிப் பணிக்கான மேலாண்மை கற்பிக்கப்படுகிறது.

மதுரையிலேயே மற்றொரு வழியும் உருவானது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976 இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்ற ஆர். டி. துளசிராஜ் 1981 இல் இங்கு வந்து நிர்வாகத்தை ஏற்றார். ஒரு மருத்துவருக்கு இரு அறுவை மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாவார். மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கது அல்லாத பணிகளைப் பயிற்சி பெற்ற கிராமப்புறப் பெண்கள் செய்வர். கட்டணம் செலுத்துவோரின் வருவாயில் இலவச, சலுகைச் சிகிச்சைகள் நடைபெறும். 1993 இல் ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளி இம்மருத்துவமனையைப் பாடப் பொருளாக்கியது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாதும் 2004 இல் வெளிவந்த தம் நூலில் இதனை ஆராய்ந்தார்.

1992 இல் அரவிந்த் தொடங்கிய லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவக் கழகம், பிற நாடுகளையும் மாநிலங்களையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்கு நிர்வாக ஆலோசனை வழங்கியுள்ளது. அரவிந்த் குழுவினர் முதலில் அம்மருத்துவமனைக்குச் சென்று நிலையை அறிவர். பின்னர் மருத்துவர், மேலாளர், செவிலியர் ஆகியோர் ஒரே குழுவாக மதுரைக்கு வந்து, நேரில் பார்த்து, தம் திட்டத்தைத் தாமே வகுப்பர். ஊர் திரும்பிய பின்னும் அவர்களது எண்ணிக்கைகள் தொடர்ந்து கவனிக்கப்படும். முன்னாள் மாணவர் சங்கம் தரும் அறிக்கையில் இல்லாத இரு கூறுகள் இங்குள்ளன. ஆலோசனை சொல்பவர் அதே வேலையை நாள்தோறும் செய்பவர். திட்டத்தை எழுதுபவர் அதனை நிறைவேற்றப் போகிறவர்.

சட்டச் சூழல்

நிறுவனங்கள் சட்டம், 2013 இன் 135 ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் தரும் தன்னார்வ நேரத்தைப் பணமதிப்பிட்டு இச்செலவில் காட்ட முடியாது.

வெளிநாட்டு அன்பர்களின் நன்கொடையை நம்பும் அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 க்கு உட்பட்டவை. 2020 இல் செய்யப்பட்ட திருத்தம், அப்பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே முதலில் பெறப்பட வேண்டும் என்றும் விதித்தது. நன்கொடையாளர்களும் பொதுவாகக் கட்டடத்துக்கும் உணவுக்கும் தர விரும்புவரேயன்றி, கணக்கரின் சம்பளத்துக்குத் தர விரும்புவதில்லை. இதனால் சிறிய அமைப்பில் நிர்வாகத் திறன் விலைக்கு வாங்க முடியாத பொருளாகிறது. இலவச ஆலோசனைக்கான தேவை கூடுவதற்கு இது முக்கியக் காரணம் எனலாம்.

குறைபாடுகள்

நிறைவேற்ற ஆளில்லாத அறிக்கைகளே இம்முறை மீது பரவலாகச் சொல்லப்படும் குறை. மூன்று பேர் பணிபுரியும் அமைப்புக்கு அறுபது பக்கப் பரிந்துரை அளித்தால் அதனைப் படிப்பதற்கே ஒருவர் வேண்டும். இலவசமாகக் கிடைப்பதால் ஆலோசனையை மறுக்கவும் தயக்கம் ஏற்படும். ஆலோசகர் நாளைய நன்கொடையாளராகவும் இருக்கக்கூடும் என்பதால் அறங்காவலர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விடுவதும் உண்டு.

விரிவாக்கமே வளர்ச்சி என்ற வணிக உலக எண்ணமும் இடையூறாகலாம். நாற்பது குழந்தைகளுக்கு நன்றாக நடக்கும் பாடசாலை, நானூறு பேருக்கு விரிந்தபின் பழைய ஆசிரியைகளையும் பழைய தரத்தையும் இழக்கக்கூடும். பயனாளிகளின் பெயர், நோய், கடன் விவரங்கள் ஆலோசகரின் மடிக்கணினிக்குச் செல்வதும் கவனத்துக்குரியது. இத்தரவுகளை வேலை முடிந்ததும் அழிப்பது குறித்து முன்கூட்டியே எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்வது நல்லது.

இக்குறைகளைக் களைய, சில குழுக்கள் அறிக்கைக்குப் பதிலாக ஒரே ஒரு கருவியை மட்டும் விட்டுச் செல்கின்றன. அது ஒரு வரவு செலவுப் படிவமாகவோ மாத நினைவூட்டல் பட்டியலாகவோ இருக்கும். அதனை நிரப்பப் போகும் பணியாளரை முதல் நாளிலிருந்தே உடன் அமர்த்தி, ஆறு மாதம் கழித்து அவர் அதை இன்னும் நிரப்புகிறாரா என்று பார்த்து வருவர்.