ரோனா கப்பலில் யார் இருந்தார்கள்?

சிவகிரியிலிருந்து மலாயாவுக்குப் போன பெரிய தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே வரிதான் உண்டு. "ரோனா கப்பல் முங்குச்சுல்லா, அதோட போயிட்டாரு." இந்த வரியை நம்பித்தான் பெரியாச்சியின் தாலியை இறக்கினார்கள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ரோனா நிஜமான கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கட்டியது. அதே வருஷம் பிறந்த ரஜூலாவின் ஜோடி. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களை மேல்தளத்தில் அடைத்துக்கொண்டு போன கப்பல்கள் இவை. தோட்டக்கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. பெரிய தாத்தா அதற்கு முந்தின வருஷமே கங்காணியோடு நாகப்பட்டினத்தில் ஏறிவிட்டார்.

ரோனா முங்கியதும் நிஜம். 1943 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஆனால் வங்கக்கடலில் இல்லை, அல்ஜீரியாவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலில். போருக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தக் கப்பல், அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் விமானம் ஏவி, ரேடியோவால் வழிநடத்திய குண்டு அதைத் துளைத்தது. சிப்பாய்கள் மட்டும் 1,015 பேர் செத்தார்கள். கப்பலாட்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் நூறு பேருக்கு மேல் போனார்கள். அமெரிக்க அரசு விவரத்தைப் பல வருஷம் வெளியே விடவில்லை.

சரி, பெரிய தாத்தா அதில் எப்படி இருப்பார்? 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு மலாயாவிலிருந்து ஊருக்கு வரக் கப்பலே கிடையாது. கப்பலாளாகச் சேர்ந்திருந்தால் உண்டு. போரில் இறந்த இந்தியக் கப்பலாட்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். நான் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடினேன். அவர் பெயர் இல்லை.

அப்புறம் மிஞ்சுவது தோட்டம்தான், அங்கிருந்து சயாம் மரண ரயில்பாதை. 415 கிலோமீட்டர். 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஜப்பானியர் அங்கே கொண்டுபோனார்கள், அதில் மிகுதி தமிழர்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படியொரு கல்லும் இல்லை, முழுப் பட்டியலும் இல்லை.

கதை எப்படிக் கப்பலைப் பிடித்தது? என் ஊகம் இது. போர் முடிந்து ஆட்கள் திரும்பியபோது ரஜூலா வந்தது, ரோனா வரவில்லை. "அது முங்கிட்டு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர் ஏறிப்போன கப்பலின் பெயர் வீட்டுக்குத் தெரியும். காலராக் கொட்டகையில் செத்தான் என்பதைவிட அது சொல்லக்கூடிய சாவாகவும் இருந்தது.

பெரியாச்சி மட்டும் அவருக்குத் திதி கொடுக்கக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "பொணத்தப் பாத்தவன் எவம்ல?" என்று கேட்பாளாம்.