வால்வு அம்பிளிபயரும் வீட்டுப் படமாளிகையும்: ஒரு பிரிவினையின் வரலாறு

வசதி படைத்த இல்லங்கள் சிலவற்றில் இன்று ஒரே அறை இரு பணிகளுக்கு உதவுகின்றது. மாலையில் அங்கு இசைத்தட்டு சுழலும். இரவில் திரைப்படம் ஓடும். இத்தகைய அறையை அமைப்போரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ விதியாகவே நிலைபெற்றுள்ளது: இசைக்கு வால்வு அம்பிளிபயர், படத்துக்குத் திரான்சிஸ்டர் அம்பிளிபயர். வால்வின் ஒலி வெம்மையானது, மனிதத்தன்மை வாய்ந்தது, ஆகவே கலைக்குரியது என்பர். வெடியோசையும் இடிமுழக்கமும் நிறைந்த திரைப்படத்துக்குத் திரான்சிஸ்டரின் முரட்டு வலுவே பொருந்தும் என்பர். வரலாற்றின் விளைவொன்றைப் பொருளின் இயல்பாகக் காணும் இப்போக்கு இலக்கிய ஆய்வாளருக்குப் புதியதன்று. செந்நெறி, நாட்டார் வழக்கு என்னும் பாகுபாட்டிலும் நாம் இதனையே சந்தித்துள்ளோம். எனவே ஆய்வேடொன்றில் ஒலிக்கருவிக்கு என்ன வேலை என்று எவரும் வியக்கவேண்டியதில்லை.

வால்வு இசைக்காகப் பிறந்ததன்று. லீ டி ஃபொரஸ்ட் 1908இல் காப்புரிமை பெற்ற மூன்று முனைகளுடைய வால்வு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அவரே சரிவர விளங்கிக்கொண்டிருக்கவில்லை. குழாயினுள் எஞ்சும் வாயு இன்றியமையாதது என்று அவர் கருதினார். தொலைபேசித் துறையில் ஏகபோகம் கொண்டிருந்த அமெரிக்கக் கம்பனியொன்று 1913இல் அதன் தொலைபேசி உரிமையை 50,000 டொலருக்கு வாங்கியது. அக்கம்பனியின் ஆய்வாளரான ஹரல்ட் ஆர்னல்ட் வாயுவை முற்றாக அகற்றிய பின்னரே அது நம்பத்தக்க கருவியாயிற்று. 1915 ஜனவரியில் நியூயோர்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசி வழியில் குரலைத் தாங்கிச் சென்றது அவ்வால்வே. கண்டமளாவிய வணிகத்தின் தேவை அதனை உருவாக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே ஆய்வுகூட மரபு அடுத்துப் படமாளிகையுள் நுழைந்தது. 1926 ஆகஸ்ட் 6ஆந் திகதி நியூயோர்க்கில் திரையிடப்பட்ட ‘டொன் ஜுவான்’ படத்துக்கு இசை வழங்கியது நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழு. ஆனால் அக்குழு படமாளிகையில் இருக்கவில்லை. தட்டில் பதிவான இசையை வால்வுகளே மண்டபத்தில் நிரப்பின. ஒரு நகரத்தின் தலைசிறந்த இசைக்கலைஞரின் உழைப்பு, ஏனைய நகரங்களின் இசைக்கலைஞரை வேலையினின்றும் அகற்றும் கருவியாக மாற்றப்பட்டமை இதன் உள்ளார்ந்த முரண்பாடாகும். 1927 ஒக்டோபரில் ‘ஜாஸ் சிங்கர்’ வந்தது. 1928 மே மாதத்தில் பெரும் படக்கம்பனிகள் பல வெஸ்டேர்ண் இலெக்ட்ரிக்கின் துணைக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. படமாளிகைக்குக் கருவிகள் விற்கப்படவில்லை, குத்தகைக்கே விடப்பட்டன. பராமரிப்புக்கெனப் படமாளிகை உரிமையாளர் வாராவாரம் கட்டணமுஞ் செலுத்தினார். உற்பத்திச் சாதனத்தின் உடைமை எங்கே குவிந்திருந்தது என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திரைக்கு முன்னமர்ந்து வாசித்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1930 அளவில் செய்தித்தாள்களிற் பெரும் விளம்பர இயக்கமொன்றை நடத்தியது. அவ்விளம்பரங்களில் இரும்பு மனிதன் ஒருவன் இசைக்கருவியை மீட்டிக் காட்சியளித்தான். இயந்திர இசைக்கு ஆன்மா இல்லை என்பதே சங்கத்தின் வாதம். அன்று ஆன்மாவற்றதெனக் கண்டிக்கப்பட்ட ஒலி வால்வின் ஒலியேயாகும். இன்று ‘ஆன்மா உள்ள ஒலி’ என்று போற்றப்படுவதும் அதுவே! வால்வின் பௌதிகம் இடையில் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளே மாறின.

இன்று இசைப்பிரியர் பெரிதும் விழையும் 300பி வால்வின் கதையும் இத்தகையதே. 1930களில் வெஸ்டேர்ண் இலெக்ட்ரிக் தன் படமாளிகை அம்பிளிபயர்களிற் பயன்படுத்திய 300ஏ வால்வின் வழிவந்தது அது. தனியொரு 300ஏ ஏறத்தாழ எட்டு வாற் வலுவையே தந்தது. எட்டு வாற் கொண்டு சிறிய படமாளிகை ஒன்றை எவ்வாறு நிரப்பினர் என்ற ஐயம் எழலாம். விடை ஸ்பீக்கரில் உள்ளது. அக்காலப் படமாளிகையின் பெரிய கொம்பு வடிவ ஸ்பீக்கர் ஒரு வாற் வலுவுக்கு நூறு டெசிபெல்லுக்கு மேலும் ஒலிதர வல்லது. இக்கால வரவேற்பறைப் பெட்டியோ ஏறத்தாழ 87 டெசிபெல்லே தருகின்றது. பதின்மூன்று டெசிபெல் இடைவெளியை ஈடுசெய்ய இருபது மடங்கு வலு வேண்டும். அங்கு எட்டு வாற் செய்த வேலைக்கு இங்கு நூற்றறுபது வாற் தேவை.

ஆக, வால்வைப் படத்தினின்றும் பிரித்தது காதின் சுவையன்று, வீட்டின் அளவே எனலாம். 1947இல் டி. ரி. என். வில்லியம்சன் பிரித்தானிய ஏடொன்றில் வெளியிட்ட பதினைந்து வாற் வால்வு அம்பிளிபயர் வடிவமைப்பு, வீட்டில் தாமே கருவி செய்வோர் பலருக்குக் கைகொடுத்தது. 1954இல் எட்கர் வில்ச்சரின் அடைத்த பெட்டி ஸ்பீக்கர் ஆழ்ந்த தாழொலியைச் சிறிய பெட்டியினின்றும் எழுப்பிக் காட்டியது. அதற்கு ஈடாக வலுவை விழுங்கியது. மலிவாக வலு தரும் திரான்சிஸ்டருக்கு இவ்வாறு சந்தை திறந்தது. அத்திரான்சிஸ்டரும் 1947 டிசெம்பரில் அதே தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடத்திலேயே பிறந்தது.

1987இல் வந்த டொல்பி புரோ லொஜிக்கும் 1996இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி.யும் படமாளிகையை மீண்டும் அறைக்குள் கொண்டுவந்தன. ஆனால் இப்போது ஒலித்தடங்கள் ஐந்து, தாழொலிக்கென மற்றொன்று. ஐந்திற்கும் வால்வு வைப்பின் அறை அடுப்பாகிவிடும். சில ஆயிரம் மணித்தியாலங்களில் தேயும் வால்வுகள் செய்தியறிக்கைக்கும் தொடர்நாடகத்துக்குமாக எரிந்து தீரும். எனவே சமரசம் ஒன்று பிறந்தது. முன் இடது, முன் வலது ஸ்பீக்கர்களை மட்டும் வால்வு இயக்க, நடுவையும் பக்கங்களையும் திரான்சிஸ்டர் இயக்குகின்றது. 80 ஹேட்ஸ் அளவிற்குக் கீழான ஒலியைத் தன் சொந்த அம்பிளிபயர் உடைய தாழொலிப் பெட்டி ஏற்றுக்கொள்வதால் வால்வின் சுமை பெரிதுங் குறைகின்றது. நடைமுறையில் இது நல்ல தீர்வு என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் முரண்பாடு முற்றாகத் தீர்வதில்லை. வால்வு அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடை பெரும்பாலும் உயர்ந்தது. அதனால் ஸ்பீக்கரின் தடை ஏறியிறங்குவதற்கேற்ப ஒலியின் நிறமும் சிறிது மாறும். பாத்திரமொன்று பேசியவாறே திரையின் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வருகையில் குரல் வேறொருவருடையது போலாவதைக் கூர்ந்து கேட்போர் உணரலாம். ‘வெம்மை’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இத்திரிபேயாகும். அது இனிமையானதென்பதை நாம் மறுக்கவில்லை.

வால்வின் மறுவாழ்வுக்கும் பொருளாதார அடித்தளம் உண்டு. மேற்கின் பெருந்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வால்வு உற்பத்தியைக் கைவிட்டன. வெஸ்டேர்ண் இலெக்ட்ரிக் 1988இல் 300பியை நிறுத்தியது, பின்னர் மீண்டும் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்திலோ இராணுவத் தேவை வால்வைக் காத்தது. 1976 செப்டெம்பரில் யப்பானின் ஹக்கோடேற்றில் வந்திறங்கிய மிக்-25 விமானத்தில் வால்வுகளைக் கண்ட மேலைநாட்டார் சிலர் நகைத்தனர். பின்னர் அமெரிக்க இசைப்பிரியருக்கான வால்வுகள் ரஷ்யாவின் சரத்தோவ் தொழிற்சாலையிலிருந்தும் சீனாவிலிருந்தும் சிலோவாக்கியாவிலிருந்துமே பெரும்பாலும் வந்தன. கிறிட் எனப்படும் நுண்கம்பிச் சட்டத்தைக் கையால் உரிய இடத்திற் பொருத்துவோர் பெரும்பாலும் பெண் தொழிலாளர். இத்துறை ஏடுகள் கண்ணாடியின் வடிவத்தையும் கதோட்டின் பூச்சையும் பக்கம் பக்கமாக வருணிக்கின்றன. அவர்களைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடை அறிவிக்கப்பட்டபோதுதான் தம் வரவேற்பறையில் ஒளிரும் குழாய் எங்கே செய்யப்பட்டது என்பதைப் பலர் தேடி அறிந்தனர்.