கண் கண்டதும் நாடி சொன்னதும்

சீன வைத்தியம் என்றதும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கல்லீரலுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. இடது மணிக்கட்டில் வைத்தியரின் நடுவிரல் படும் இடம் அது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாங் ஷூஹே தொகுத்த ‘மாய்ஜிங்’ என்னும் நூல் 24 வகை நாடிகளைப் பிரித்துக் காட்டியது. அவற்றில் வில் நாண்போல் இறுகித் துடிப்பதைக் கல்லீரலின் நாடி என்று மரபு வகுத்தது. ஆனால் இன்று நாம் கல்லீரல் நோய் என்று அறிந்திருக்கும் காமாலையையும் மகோதரத்தையும் அந்த வைத்தியர்கள் இனங்கண்டது முதன்மையாகக் கண்ணால்தான். அந்த மரபில் நாம் மதிக்க வேண்டிய பகுதியும் அதுவே என்பது என் கருத்து.

கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் உருப்பெற்ற ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் மருத்துவ நூல் உடலை ஓர் அரசாங்கமாகவும் கல்லீரலை அதன் படைத்தலைவனாகவும் வைத்தது. மரம், வசந்தம், காற்று, பச்சை நிறம், புளிப்பு, கோபம், கண், தசைநார், நகம் எல்லாம் கல்லீரலின் ஆட்சிக்குள் வந்தன. எனவே தலைசுற்றலும் கண்சிவப்பும் முன்கோபமும் விலாவலியும் கல்லீரல் கோளாறாகக் கணிக்கப்பட்டன. இவை அனைத்தும் உள்ள ஒருவருக்கு ஈரல் பழுதில்லாமலே இருக்கலாம். மறுபக்கம், உண்மையில் ஈரல் கெட்டதற்கான பெரிய அடையாளமான காமாலையை, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்கின் மரபு மண்ணீரல், இரைப்பை ஆகியவற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்த கோளாறாகவே பெரிதும் விளக்கியது. குடியால் வரும் காமாலையை அது தனி வகையாகப் பிரித்தது நுட்பமான கவனிப்பு. ஆனாலும் கோட்பாட்டில் நோய் ஓரிடத்திலும் உறுப்பு வேறிடத்திலும் நின்றன.

கோட்பாட்டை ஒதுக்கிவிட்டுக் குறிப்புகளைப் படித்தால் வியப்பு மேலிடும். நெய்ஜிங்கின் இரண்டாம் பகுதியான ‘லிங்ஷூ’, வயிறு முரசுபோல் ஊதி, நிறம் வெளிறி மஞ்சளித்து, வயிற்றின்மேல் நரம்பு புடைத்து நிற்கும் நோயைச் சொல்கிறது. ஈரல் சுருக்கம் முற்றிய நோயாளியை இன்று பார்க்கும் மருத்துவரும் இதையேதான் எழுதுவார். 4-ஆம் நூற்றாண்டின் கோ ஹோங் பெயரில் வழங்கும் கைநூல், கைகால் கனத்து, முதலில் கண்ணும் பிறகு முகமும் கடைசியில் உடல் முழுவதும் மஞ்சளாவதை வரிசையாகச் சொல்லி, வெள்ளைத் தாளில் சிறுநீர் விடச் சொல்கிறது. மஞ்சள் சாயம் தரும் மரப்பட்டையில் தோய்த்ததுபோல் தாள் மாறினால் நோய் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். கி.பி. 752-இல் வாங் தாவோ தொகுத்த ‘வாய்தாய் மியாவ்’ இன்னும் ஒருபடி மேலே போகிறது. இரவுதோறும் பட்டுத் துண்டைச் சிறுநீரில் நனைத்துத் தேதி எழுதி வைக்க வேண்டும். நாளுக்கு நாள் மஞ்சள் குறைந்து துணி வெளுத்தால் குணம். நோயின் போக்கை அளந்து பதிவுசெய்யும் ஒழுங்கு இதில் முழுமையாக இருக்கிறது.

இன்றைய அளவுகோலை அன்றைய மனிதர்மேல் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். இந்த அளவுகோல் அவர்களுடையதே. பட்டுத் துண்டுகளை வீட்டார்கூட வரிசையாக வைத்து ஒப்பிட முடியும். ஒரு வைத்தியரின் விரல் உணர்ந்த நாண்துடிப்பை மற்றொருவர் அப்படிச் சரிபார்க்க இயலாது. 2,000 ஆண்டு நிலைத்த முறை பொய்யாகுமா என்றும் கேட்பார்கள். கோபத்தையும் தூக்கத்தையும் உணவையும் சேர்த்து விசாரிக்க வைத்தியரைப் பழக்கியது அந்தக் கோட்பாடுதான். அந்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் நீண்ட ஆயுள் சரியானது என்பதற்குச் சான்றாகாது. அந்த மரபுக்குள் இருந்த வாங் சிங்ரென், 1797-இல் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளின் சடலங்களை நேரில் பார்த்து, பழைய நூல்களின் உள்ளுறுப்பு விளக்கங்கள் தவறு என்று 1830-இல் துணிந்து அச்சிட்டார்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் பல ஆண்டுகள் மஞ்சள் காட்டாமல் ஈரலை அரிக்கும். ப்ளம்பர்க் என்ற ஆய்வாளரின் குழு 1960-களில் கண்டறிந்த இரத்தக் குறியீட்டின் வழியாகத்தான் அது பிடிபட்டது. சீனாவே 1992 முதல் பச்சிளங் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசியைப் பரிந்துரைத்துவருகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், நாடி நன்றாக இருக்கிறது, கண் வெள்ளையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், மற்ற எல்லோரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.