நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும் வில்லன்

1990 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. பிபிசியில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முதல் பகுதி. ஆளுங்கட்சிக் கொறடா பிரான்சிஸ் உர்க்ஹார்ட் மார்கரெட் தாட்சரின் படத்தைக் கையில் எடுக்கிறார். எதுதான் நிரந்தரம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுப் படத்தைக் கவிழ்த்து வைக்கிறார். அவர் பேசுவது அறையில் இருக்கும் யாரிடமும் இல்லை, நம்மிடம்.

இரண்டே நாளில் நிஜத் தாட்சரின் தலைமைக்கு எதிராக வாக்கெடுப்பு நடந்தது. 22ஆம் தேதி பதவி விலகப்போவதாக அறிவித்தார். தாட்சர் போன பிறகு நடக்கும் கற்பனைக் கதையை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தியிலும் அதே கதைதான் ஓடியது. நான்கு பகுதிகள் முடிவதற்குள் ஜான் மேஜர் பிரதமர் ஆகிவிட்டார். "உள்ளுக்குள்ள எல்லாம் இப்படித்தான் நடக்குது" என்ற எண்ணம் பார்வையாளர்களிடம் வலுப்பெற இதைவிட நல்ல நேரம் அமையாது. அரசியல் சீரியல் எது வந்தாலும் நாமும் இன்றைக்கு அதையேதான் சொல்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை?

கதையை எழுதிய மைக்கேல் டாப்ஸ் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர் இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமையகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1987 தேர்தல் நேரத்தில் தாட்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மால்டாவின் கோஸோ தீவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் நாவலைத் தொடங்கினார். அவர் முதலில் தாளில் எழுதியது நாயகனின் பெயரை அல்ல, 'எஃப். யு.' என்ற இரண்டு எழுத்துகளை. எந்த ஆங்கில வசவின் சுருக்கம் அது என்று விளக்கத் தேவையில்லை. பிரான்சிஸ் உர்க்ஹார்ட் என்ற பெயர் அந்த எழுத்துகளுக்குப் பொருத்தமாகப் பிறகு வந்தது. ஒரு கோபத்தில் பிறந்த பாத்திரம் அது.

1989இல் வந்த நாவலில் உர்க்ஹார்ட் கடைசியில் செத்துப்போவார். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். தொலைக்காட்சியில் உர்க்ஹார்ட் பிழைக்கிறார், உண்மையைக் கண்டுபிடித்த இளம் பெண் பத்திரிகையாளர் நாடாளுமன்றக் கட்டடத்தின் மாடியிலிருந்து தள்ளிவிடப்படுகிறார். பார்வையாளர்கள் உர்க்ஹார்ட்டை வெறுத்தார்களா? இல்லை. நடித்த இயன் ரிச்சர்ட்சனுக்கு பாஃப்டா விருது கிடைத்தது, 1993லும் 1995லும் அடுத்தடுத்த தொடர்கள் வந்தன. எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே ஒப்புக்கொள்ளும் அவருடைய வசனத்தை நிஜ அரசியல்வாதிகளே நாடாளுமன்றத்தில் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

இந்த வசியத்தின் சூத்திரம் பழையது. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் மேடையின் முன்பக்கம் வந்து, தான் செய்யப்போகும் அக்கிரமத்தைப் பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவான். ரிச்சர்ட்சன் தன் பாத்திரத்தை அவனை மனதில் வைத்தே உருவாக்கினார். 2013இல் நெட்ஃபிளிக்ஸின் அமெரிக்க வடிவத்தில் பிராங்க் அண்டர்வுட்டாக வந்த கெவின் ஸ்பேசி, அதற்குச் சற்று முன்புதான் மூன்றாம் ரிச்சர்டாக உலகம் சுற்றி வந்திருந்தார். 2011இல் சிங்கப்பூர் மேடையிலும் அந்த நாடகம் நடந்தது. இரகசியம் நமக்குச் சொல்லப்பட்டவுடன் நாம் கூட்டாளி ஆகிவிடுகிறோம். மற்ற பாத்திரங்கள் எல்லாம் ஏமாளிகள், நாமும் வில்லனும் மட்டும் புத்திசாலிகள். இந்தக் கூட்டுக்கு நாம் கொடுக்கும் விலை எதுவும் இல்லை என்பதுதான் இதில் உள்ள சுகம்.

அமெரிக்காவில் இதன் மிகப் பிரபலமான ரசிகர் அதிபராகவே இருந்தார். 2013 அக்டோபரில் பட்ஜெட் சண்டையால் அமெரிக்க அரசாங்கம் 16 நாள் முடங்கிக் கிடந்தது. அந்த டிசம்பரில் தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களைச் சந்தித்த ஒபாமா, வாஷிங்டன் அந்தத் தொடரில் வருவதுபோல ஈவிரக்கமில்லாத திறமையோடு இயங்கினால் தேவலை என்று கேலியாகச் சொன்னார். சிரிப்புக்குச் சொன்னதுதான், ஆனால் உள்ளே இருந்தவரின் சாட்சியம் அது. அண்டர்வுட் போடும் திட்டங்கள் நிறைவேறுகின்றன. நிஜத்தில் பெரும்பாலும் எதுவுமே நிறைவேறுவதில்லை.

சீனாவிலும் சோஹு தளத்தின் வழியாகத் தொடர் பெரிதாகப் பரவியது. அமெரிக்க ஜனநாயகத்தின் லட்சணம் இதுதான் என்று பார்த்தவர்கள் உண்டு. தன் அதிபரையே கொலைகாரனாகக் காட்ட ஒரு நாடு அனுமதிக்கிறதே என்று வியந்தவர்களும் உண்டு. 2015 செப்டம்பரில் சியாட்டில் வந்த ஷி ஜின்பிங், தன் ஊழல் ஒழிப்பு நடவடிக்கையில் அதிகாரப் போட்டி எதுவும் இல்லை, இது 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' அல்ல என்று மேடையில் சொன்னார். ஒரு நாட்டுத் தலைவர் தன்னை விளக்கிக்கொள்ள ஒரு சீரியலை மறுக்க வேண்டியிருந்தது.

இப்போது 1990க்கே திரும்புவோம். தாட்சரை வீழ்த்தியது எந்த உர்க்ஹார்ட்? யாரும் இல்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை என்று வந்த தலைவரி மக்களைக் கொதிக்கவைத்தது. மார்ச் 31 அன்று லண்டனில் அது கலவரமாக வெடித்தது. நவம்பர் 1 அன்று துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் விலகினார். 13ஆம் தேதி, அலட்டிக்கொள்ளாத குரலில் அவர் ஆற்றிய உரை தாட்சரின் அடித்தளத்தை ஆட்டிவிட்டது. 20ஆம் தேதி வாக்கெடுப்பில் தாட்சருக்கு 204, போட்டியிட்ட மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. ஜெயித்தது தாட்சர்தான். ஆனால், வாக்குரிமை உள்ள 372 பேரில் 15 விழுக்காடு அளவுக்காவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது கட்சி விதி. தேவை 56, இருந்ததோ 52. ஹெசல்டைனுக்குப் போட்டவர்களில் இரண்டே இரண்டு பேர் மாற்றிப் போட்டிருந்தால் அந்தச் சுற்றிலேயே பிழைத்திருப்பார்.

மறுநாள் மாலை அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் ஜெயிக்க முடியாது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கும் பதவி கிடைக்கவில்லை. மாடியிலிருந்து யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒரு வரி, ஒரு உரை, ஒரு விதி, அடுத்த தேர்தலில் தன் தொகுதி போய்விடுமோ என்று பயந்த பல சாதாரண மனிதர்கள். இதை அப்படியே படமாக எடுத்தால் நாம் பாதியில் தூங்கிவிடுவோம்.

"அரசியல்னா இப்படித்தான்" என்று சொல்லும்போது நம் கண்ணில் படாமல் போவது இந்தச் சலிப்பூட்டும் பகுதிதான். எல்லாம் ஒரு மேதாவி வில்லனின் கணக்கு என்றால் நமக்குச் செய்ய எதுவும் இல்லை, ரசிக்கலாம், அவ்வளவுதான். தலைவரிக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்களும், கட்ட மாட்டோம் என்று மறுத்தவர்களும் அப்படி நினைக்கவில்லை. அவர்களுடைய கோபம்தான் எம்.பி.க்களின் பயமாக மாறி வாக்குச்சீட்டு வரைக்கும் போனது. 1993இல் அந்த வரியே இல்லாமல் போயிற்று. உர்க்ஹார்ட் பேசும்போது கேமராவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் வெறும் பார்வையாளர்கள். அந்த வருடம் லண்டன் தெருவில் நின்றவர்கள் அப்படி இருக்கவில்லை.