மதனப்பள்ளியில் தொடங்கிய மாதர் தொண்டு

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், குடியேறிய ஊருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடன் யாது என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தார் ஓர் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து, சித்தூர் ஜில்லாவின் மதனப்பள்ளியில் வாழ்ந்து, மாதர் முன்னேற்றத்திற்கு உழைத்த மார்கரெட் கசின்ஸ் அவர்களே அவர்.

அம்மையார் இந்நாட்டிற்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1911இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டினின்றும், மதனப்பள்ளி கடப்பையினின்றும் பிரிந்து அதனுள் அடங்கின. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் அந்நிலம் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. ஆகவே, அங்கு வாழ்ந்த பெண்களின் உரிமையைப் பற்றிச் சென்னைச் சட்டசபையே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அம்மையார் 1878இல் பிறந்தவர். டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடி லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை புகுந்தவர். 1915இல் கணவர் ஜேம்ஸ் கசின்ஸுடன் இந்தியாவிற்கு வந்தார். அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவிய மதனப்பள்ளிக் கல்லூரியில் கணவர் ஆசிரியப் பணி ஏற்கவே, இருவரும் அவ்வூரில் குடியேறினர். அங்குள்ள மாதருடன் பழகிய அம்மையார், அவர்களை ஒன்று கூட்டும் முயற்சியில் ஈடுபட்டார்.

1917ஆம் ஆண்டு மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் தலைவரானார். டாரதி ஜினராஜதாசாவும் மார்கரெட் அம்மையாரும் ஊதியமின்றிச் செயலாளர் பணியை மேற்கொண்டனர். எழுத்தறிவும் தையலும் முதலுதவியும் கற்பிக்கும் வகுப்புகளை நடத்துமாறு சங்கம் தன் கிளைகளை ஊக்குவித்தது. அடிபட்டவருக்குக் கட்டுப் போடவும் மயங்கியவரைத் தெளிவிக்கவும் வல்ல ஒரு பெண் தெருவில் இருந்தால், அத்தெரு முழுவதற்கும் அவள் துணையாவாள் அன்றோ?

அதே ஆண்டு இந்தியா மந்திரி மான்டேகு சென்னைக்கு வந்தார். பெண் கல்வியைப் பற்றி அவரிடம் முறையிட அம்மையார் அனுமதி வேண்டினார். அரசியல் தொடர்பான தூதுக்குழுக்களை மட்டுமே மந்திரி காண்பார் என்று விடை வந்தது. அம்மையார் சோர்வடையவில்லை. அங்ஙனமாயின் அரசியல் உரிமையையே கேட்போம் என்று துணிந்து, வாக்குரிமைக் கோரிக்கையையும் சேர்த்து விண்ணப்பம் வரைந்தார். டிசம்பர் 18ஆம் நாள் சரோஜினி நாயுடு அம்மையாரின் தலைமையில் மாதர் குழு மந்திரியைக் கண்டது. பின்னர், இவ்வுரிமையை வழங்குவதா என்பதை மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்யட்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு விட்டுவிட்டது. 1921இல் பிற மாகாணங்களுக்கெல்லாம் முன்னதாகச் சென்னை அவ்வுரிமையை வழங்கிற்று. சொத்துத் தகுதி இருந்தமையால் அதன் பயனை அடைந்த பெண்கள் சிலரே. ஆயினும் அடைபட்டிருந்த கதவு திறந்தது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அக்கதவின் வழியே சென்னைச் சட்டசபையினுள் நுழைந்தார்.

இதற்கிடையே, 1919ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகாகவி தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கினார். அங்கே அவர் பாடிக் காட்டிய 'ஜன கண மன' பாடலுக்கு அம்மையார் ஸ்வரக் குறிப்பு எழுதினார். 1950இல் அப்பாடல் நாட்டுப் பண்ணாக ஏற்கப்பட்டது.

பின்னர் அம்மையார் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். பெண் கல்வியைப் பற்றி ஆராய நாடெங்குமுள்ள மாதரை அழைத்து அவர் விடுத்த வேண்டுகோளின் பயனாக, 1927இல் புனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. நாட்டின் பெண்மணிகள் தலைமை ஏற்க முன்வந்தபோது, இனி அவர்களே நடத்தட்டும் என்று அம்மையார் சற்று விலகி நின்றார். தொண்டு புரிவோர் பலர். உரிய காலத்தில் இடம் விட்டு நிற்போர் சிலர். ஆயினும் 1932இல் அடக்குமுறைச் சட்டங்களைக் கண்டித்துப் பேசி, நம் நாட்டின் பொருட்டும் சிறை சென்றார்.

1943இல் பக்கவாத நோய் அவரை முடக்கியது. அரசாங்கம் பொருளுதவி அளித்து நன்றி பாராட்டியது. 1954இல் அவர் காலமானார். 2022இல் நிகழ்ந்த பிரிவினையில் மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தினின்று நீங்கியது. திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அத்திருப்பதியில் மாதர்க்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1983 முதல் நடந்து வருகிறது. பெண் கல்விக்காக முறையிட வாய்ப்புக் கேட்டு மறுக்கப்பட்ட அம்மையார் அதனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அயலூரில் வாழும் நமக்கு அவர் வாழ்க்கை உணர்த்துவது இதுவே: ஊராரின் மொழி வேறாயினும் அவர்தம் குறை நம் குறையே. மாலையில் ஒரு மணி நேரம் எழுத்தறிவித்தாலும், முதலுதவி பழக்கினாலும், வாழும் ஊர் நம் ஊராகிவிடும்.